பிழை சத்தம் போடட்டும்

(பொறியியல் கல்லூரி ஒன்றின் கணினி அறிவியல் மன்றத் தொடக்க விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் முதலில் கேட்டார்கள். இன்று எந்த மேடையில் ஏறினாலும் அதைப் பற்றிப் பேச ஆள் கிடைக்கும். நான் அதைவிடச் சின்ன விஷயம் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வலை நிரலில், மதிப்பே கொடுக்காத ஒரு மாறியைப் பயன்படுத்தினால் என்ன நடக்கும்? லேபில் நீங்கள் அன்றாடம் பார்க்கும் ‘அன்டிஃபைன்ட் வேரியபிள்’ இருக்கிறதே, அதுதான் இன்றைய பொருள். தலைப்பைச் சொன்னதும் பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நல்லது, ஆசாமி எல்லோருக்கும் அறிமுகமானவர்தான்.

புரொஜெக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு நிரலை வாயால் சொல்லி விளங்கவைக்க முடியவில்லை என்றால், அது நமக்கே சரியாக விளங்கவில்லை என்று பொருள்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாத மாறியைக் கேட்ட இடத்திலேயே நிரல் நின்று சத்தம் போட்டால் நமக்கு நல்ல நேரம். எதுவும் நடக்காததுபோல் ஒரு வெற்று மதிப்பை எடுத்துக்கொண்டு மேலே போனால்தான் கேடு. வலை மொழிகளை உருவாக்கியவர்களுக்கு இது முழுதாக உறைக்க ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிடித்தன. அவர்கள் கற்றதை நாம் நம் கையாலேயே அழித்துக்கொண்டிருக்கிறோம் என்பது என் மனக்குறை.

தாராள மனசு எங்கிருந்து வந்தது?

சி மொழியில் தொடங்கியவர்களுக்குத் தெரியும், அறிவிக்காத மாறியை எழுதினால் கம்பைலர் விடாது. ஜாவா இன்னும் கண்டிப்பு. ஒரு ஃபங்ஷனுக்குள் மாறியை அறிவித்துவிட்டு, மதிப்புக் கொடுக்காமல் படிக்கப் பார்த்தால் கம்பைலே ஆகாது. இந்தக் கண்டிப்புக்குப் பழகியவர் பிஎச்பிக்கும் ஜாவாஸ்கிரிப்டுக்கும் வரும்போது அப்பாடா என்றிருக்கும். எதை எழுதினாலும் ஓடுகிறதே!

இவை ஏன் இப்படி இருக்கின்றன? பிறந்த கதையைப் பார்க்க வேண்டும். ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1994இல், இணையத்தில் போட்டிருந்த தன் பயோடேட்டாவை யார் யார் வந்து பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்க எழுதிய சிறு கருவிகள்தான் பிஎச்பியின் தொடக்கம். 1995 ஜூனில் அதை ஊருக்குக் கொடுத்தார். அதே ஆண்டு மே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்துக்காக பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதி முடித்தார். இரண்டுமே சின்னச் சின்னப் பக்கங்களுக்காக வந்தவை. நிரல் எழுதுவதைத் தொழிலாகக் கொள்ளாதவர்களும் எழுதட்டும் என்று வந்தவை. எச்டிஎம்எல்லில் ஒரு டேக்கை மூடாமல் விட்டாலும் பிரௌசர் எப்படியோ பக்கத்தைக் காட்டிவிடும் அல்லவா? அதே குணம் இந்த மொழிகளுக்கும் வந்தது. பக்கம் அரைகுறையாக வந்தாலும் பரவாயில்லை, வராமல் மட்டும் இருக்கக் கூடாது.

அதனால் பிஎச்பி, இல்லாத மாறியைக் கேட்டால் அதை ‘நல்’ என்று எடுத்துக்கொள்ளும். அப்போதெல்லாம் சின்னதாக ஒரு நோட்டீஸ் விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். ஜாவாஸ்கிரிப்ட், அறிவிக்காத பெயரைப் படித்தால் ‘ரெஃபரன்ஸ் எரர்’ என்று நிற்கும். அதுவரை நியாயம். ஆனால் அறிவிக்காத பெயருக்கு மதிப்பை எழுதினால், கேள்வி கேட்காமல் அந்தப் பெயரில் ஒரு குளோபல் மாறியைத் தானே உண்டாக்கிக் கொடுக்கும். ஓர் ஆப்ஜெக்டில் இல்லாத ப்ராப்பர்ட்டியைக் கேட்டால் ‘அன்டிஃபைன்ட்’ என்ற மதிப்பைக் கையில் கொடுத்து அனுப்பிவிடும்.

இந்தத் தாராளம் வலைக்கு முன்பே உண்டு. 1957இல் வந்த ஃபோர்ட்ரானில் மாறிகளை அறிவிக்க வேண்டியதில்லை. பெயரின் முதல் எழுத்தைப் பார்த்து முழு எண்ணா, தசம எண்ணா என்று கம்பைலரே முடிவு செய்துகொள்ளும். வரியில் உள்ள இடைவெளிகளையும் அது பொருட்படுத்தாது. அமெரிக்காவின் மெர்க்குரி விண்வெளித் திட்டக் காலத்தில், சுற்றுப்பாதைக் கணக்குப் போடும் ஒரு நிரலில் ‘டூ 10 ஐ = 1, 10’ என்று ஒரு லூப் எழுத வேண்டிய இடத்தில், காற்புள்ளிக்குப் பதில் புள்ளி விழுந்துவிட்டது. கம்பைலர் என்ன செய்தது? ‘டூ10ஐ’ என்று மூன்றையும் சேர்த்து, அதுவரை யாரும் கேள்விப்படாத ஒரு மாறியை உண்டாக்கி, அதில் 1.10 என்ற மதிப்பைப் போட்டது. லூப் காணாமல் போனது. நல்லவேளை, விடை துல்லியமாக வரவில்லையே என்று தேடியவர் ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். 1962இல் மரைனர் 1 விண்கலம் அழிந்ததற்கு இதுதான் காரணம் என்று பல புத்தகங்களில் கதை உண்டு. அது வேறு பிழை. ஆனால் அறிவிப்பு இல்லாத மொழி எப்படிக் காலை வாரும் என்பதற்கு இந்தப் புள்ளியே போதும். தானாக மாறி உண்டாக்காதே என்று கட்டளையிடும் வரி, ஃபோர்ட்ரான் 90இல்தான் தரநிலைக்குள் வந்தது.

இல்லாமையில் எத்தனை வகை?

கல்யாண வீட்டு மொய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பெயருக்கு நேரே பூஜ்யம் என்று எழுதியிருக்கிறது. இன்னொருவர் பெயர் இருக்கிறது, தொகைக் கட்டம் காலி. மூன்றாமவர் பெயரே நோட்டில் இல்லை. கூட்டிப் பார்த்தால் மூன்றுக்கும் ஒரே தொகைதான். ஆனால் நாளைக்கு அவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போகும்போது மூன்றும் ஒன்று என்று எந்தக் குடும்பமும் நினைக்காது. பூஜ்யம் ஒரு மதிப்பு. காலிக் கட்டம்தான் ‘நல்’. நோட்டிலேயே இல்லாத பெயர்தான் ‘அன்டிஃபைன்ட்’. மூன்றையும் ஒன்றாகக் கூட்டிவிடும் நிரலில்தான் தகராறு தொடங்குகிறது.

சரி, மாறி ஏன் இல்லாமல் போகிறது? நான் பார்த்த வரையில் காரணங்கள் மூன்று.

முதலாவது, நம் கை செய்யும் தவறு. பிஎச்பியில் மாறிப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டு. ஃபங்ஷன் பெயரில் கிடையாது. ஆகவே ‘யூசர்நேம்’ என்பதை ஓரிடத்தில் நடுவில் பெரிய ‘என்’ போட்டும், இன்னோர் இடத்தில் சின்ன ‘என்’ போட்டும் எழுதினால் அவை இரண்டு மாறிகள். இதைவிட அதிகம் பேர் விழுவது ஸ்கோப்பில். கோப்பின் தலைப்பில் தரவுத்தள இணைப்பை ‘கான்’ என்ற மாறியில் வைத்திருப்பீர்கள். கீழே ஒரு ஃபங்ஷன் எழுதி அதற்குள் அதே ‘கான்’ மாறியைக் கூப்பிடுவீர்கள். ஜாவாஸ்கிரிப்டில் உள்ளே இருப்பவருக்கு வெளியே இருப்பது தெரியும். பிஎச்பியில் தெரியாது, ஃபங்ஷனின் நான்கு சுவர்களுக்குள் அனுப்பியதுதான் இருக்கும். உடனே இரண்டு செய்தி வரும். முதலில் ‘அன்டிஃபைன்ட் வேரியபிள்’. அடுத்து, ‘நல்’மீது க்வெரி நடத்த முடியாது என்று பெரிய பிழை. மாணவர்கள் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் தரவுத்தளத்தின் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். விடை முதல் வரியிலேயே இருக்கிறது.

இரண்டாவது, நேரம். மாறி வரும், ஆனால் இன்னும் வரவில்லை. ரியாக்ட் எழுதுகிறவர்கள் இந்தச் செய்தியை மனப்பாடமாகச் சொல்வார்கள்: ‘கேனாட் ரீட் ப்ராப்பர்ட்டீஸ் ஆஃப் அன்டிஃபைன்ட், ரீடிங் மேப்’. இதைப் படித்துவிட்டு, ‘மேப்’ இல்லையாம் சார் என்று வருவார்கள். இல்லாதது மேப் அல்ல, மேப்புக்கு இடது பக்கம் நிற்பவர். சர்வரிடமிருந்து பட்டியல் வருவதற்குள் திரையை வரையத் தொடங்கியாயிற்று. பட்டியலின் இடத்தில் ‘அன்டிஃபைன்ட்’ உட்கார்ந்திருக்கிறது. உங்கள் லேபில் சர்வரும் பிரௌசரும் ஒரே கணினியில் இருந்து, பதில் கண்மூடித் திறப்பதற்குள் வந்தாலும், முதல்முறை வரையும்போது பட்டியல் கையில் இருக்காது. 

மூன்றாவது, நியாயமான இல்லாமை. இதற்கு நம்மைவிட நல்ல உதாரணம் வேண்டாம். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியல், அப்புறம் நம் பெயர், அவ்வளவுதான். படிவத்தில் ‘லாஸ்ட் நேம்’ கட்டாயம் இல்லை என்று போட்டிருந்தால் விட்டுவிடுவோம். முதல் பெயரையும் கடைசிப் பெயரையும் ஒட்டி வணக்கம் சொல்லும்படி எழுதியவர் இதை யோசித்திருக்க மாட்டார். விளைவு, ‘வணக்கம், முருகன் அன்டிஃபைன்ட்’ என்று மின்னஞ்சல் வரும். இங்கே முருகன் செய்த தவறு ஒன்றும் இல்லை. கடைசிப் பெயர் இல்லாதவரும் உலகத்தில் உண்டு என்று நிரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. முதலாவதைத் திருத்த வேண்டும். இரண்டாவதற்குக் காத்திருக்க வேண்டும். மூன்றாவதற்கு இடம் கொடுக்க வேண்டும். மூன்றுக்கும் ஒரே மருந்து போட்டால் நோய் மறைந்துபோகும், தீராது.

பூஜ்யம் ரூபாய் பில்

இப்போது ஒரே ஓர் ‘அன்டிஃபைன்ட்’ எவ்வளவு தூரம் சத்தமில்லாமல் பயணம் செய்யும் என்று பார்ப்போம். ஒரு தங்கும் விடுதியின் முன்பதிவுப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 1500 ரூபாய். வருகிறவர் ‘பெரியவர்கள் 2’ என்று தேர்ந்தெடுக்கிறார். ‘குழந்தைகள் உண்டா?’ என்ற கட்டத்தை டிக் செய்யவில்லை. டிக் செய்தால்தான் குழந்தைகள் எண்ணிக்கை என்ற ப்ராப்பர்ட்டி ஆப்ஜெக்டில் சேரும். இப்போது அது இல்லை.

ஜாவாஸ்கிரிப்ட் கூட்டுகிறது. 2 கூட்டல் அன்டிஃபைன்ட். விடை ‘நேன்’, அதாவது எண் அல்லாத எண். பிழை எதுவும் வரவில்லை. அந்த ‘நேன்’ சர்வருக்குப் போக வேண்டும், ஜேசன் வடிவில். ஜேசனில் ‘நேன்’ எழுத வழி இல்லை. அதனால் ஜாவாஸ்கிரிப்ட் அதை ‘நல்’ என்று மாற்றி அனுப்புகிறது. இங்கும் பிழை இல்லை. சர்வரில் பிஎச்பி அதை எடுத்து 1500ஆல் பெருக்குகிறது. கணக்கில் ‘நல்’ வந்தால் பிஎச்பி அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும், முணுமுணுக்கக்கூட மாட்டாது. தொகை பூஜ்யம். தரவுத்தளத்துக்கு அது ஒழுங்கான எண், வாங்கி வைத்துக்கொள்கிறது. ‘உங்கள் அறை உறுதி செய்யப்பட்டது, செலுத்த வேண்டிய தொகை ரூ. 0’ என்று எஸ்எம்எஸ் போகிறது.

மொத்தம் நான்கு கட்டம். ஒவ்வொன்றும் தன் விதிப்படி சரியாகத்தான் நடந்தது. குற்றவாளி யார்? டிக் செய்யாத வாடிக்கையாளரா? ஜேசனா? பிஎச்பியா? முதல் கட்டத்திலேயே யாராவது கத்தியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். கத்தாததால், மாதக் கடைசியில் கணக்குப் பிள்ளைதான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குள் எந்த வரியில் தொடங்கியது என்று தேடுவது பெரும்பாடு.

இந்தப் பயணத்துக்குக் கிளை வழிகளும் உண்டு. ‘அன்டிஃபைன்ட்’ மதிப்புள்ள ப்ராப்பர்ட்டியை ஜேசனாக மாற்றினால் அந்தப் பெயரே காணாமல் போய்விடும். அதையே ஃபார்ம்டேட்டா வழியாக அனுப்பினால் ஒன்பது ஆங்கில எழுத்துகள் கொண்ட ‘அன்டிஃபைன்ட்’ என்ற சொல்லாகவே போய்த் தரவுத்தளத்தில் உட்காரும். இணைய முகவரியில் ஒட்டினால், பயனர் எண் இருக்க வேண்டிய இடத்தில் அதே சொல்லோடு சர்வருக்குக் கோரிக்கை போகும். ஏதாவது ஒரு சர்வரின் லாகைத் திறந்து அந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள், புரியும்.

பில் பூஜ்யமானால் பணம்தான் போகும். வேறு சில இடங்களில் பாதுகாப்பே போகும்.

பழைய பிஎச்பியில் ‘ரெஜிஸ்டர் குளோபல்ஸ்’ என்று ஒரு வசதி இருந்தது. முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் என்ன பெயர் எழுதினாலும், அந்தப் பெயரில் நிரலுக்குள் ஒரு மாறி தயாராகிவிடும். இப்போது இப்படி ஒரு நிரல்: லாகின் சரியாக இருந்தால் ‘அனுமதி’ என்ற மாறியை உண்மை என்று வை, பிறகு ‘அனுமதி’ உண்மையாக இருந்தால் ரகசியப் பக்கத்தைக் காட்டு. படித்தால் குறை தெரியாது. ஆனால் லாகின் தவறினால் ‘அனுமதி’க்கு என்ன மதிப்பு? யாரும் சொல்லவில்லை. நீங்கள் சொல்லாமல் விட்டதை வெளியாள் சொல்லிவிடுவான். முகவரியின் வாலில் ‘அனுமதி=1’ என்று எழுதினால் கதவு திறந்துவிடும். மேலே ‘அனுமதி பொய்’ என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் இந்த வித்தை பலிக்காது. 2002இல் வந்த பிஎச்பி 4.2 பதிப்பில் இந்த வசதியை இயல்பாக அணைத்து வைத்தார்கள். முழுதாக நீக்கியது 2012இல், 5.4 பதிப்பில். இடையே பத்து ஆண்டுகள். பழைய நிரல்கள் உடைந்துவிடுமே என்ற தயக்கம்தான் காரணம்.

ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் வாருங்கள். ஒரு நோட் ஜேஎஸ் சர்வர், மாணவர்களுக்கு மதிப்பெண் பட்டியல் கொடுக்கிறது. கோரிக்கை வந்ததும் கேட்பவர் யார் என்று பார்த்து ‘யூசர்’ என்ற பெயரில் வைத்துக்கொள்கிறது. எழுதியவர் அதற்கு முன்னால் ‘கான்ஸ்ட்’ போட மறந்துவிட்டார். அறிவிக்காத பெயரைத் தடுக்கும் ஸ்ட்ரிக்ட் மோடும் இல்லை. ஆகவே ‘யூசர்’ குளோபல் ஆகிவிட்டது, சர்வர் முழுமைக்கும் ஒரே யூசர். எழுதியவர் தனியாக உட்கார்ந்து சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது. ரிசல்ட் வெளியான நாளில் கவிதா கேட்கிறார். அவருடைய மதிப்பெண்ணைத் தரவுத்தளம் தேடிக்கொண்டிருக்கும் இடைவெளியில் செல்வத்தின் கோரிக்கை உள்ளே வந்து, அதே ‘யூசர்’ மேல் தன் பெயரை எழுதிவிடுகிறது. கவிதாவின் பட்டியலில் செல்வத்தின் பெயர் அச்சாகிறது. திரும்பச் சோதித்தால் சரியாக வருகிறது, ஏனென்றால் இப்போது கூட்டம் இல்லை. ஒரு சொல் விட்டுப்போனதன் விலை இது.

வலைக்குப் பக்கத்து வீட்டிலிருந்தும் ஒரு சம்பவம் சொல்கிறேன், ஏனென்றால் சர்வரில் நிரலை ஏற்றும் ஷெல் ஸ்கிரிப்டுகளையும் நீங்கள்தான் எழுதப்போகிறீர்கள். 2015 ஜனவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் விளையாட்டு மென்பொருளில் ஒரு பிழை வெளிப்பட்டது. மென்பொருள் இருக்கும் ஃபோல்டரின் பெயரை ஒரு மாறியில் வைத்து, அதற்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு, அதற்குள் இருப்பதையெல்லாம் அழி என்று ஸ்கிரிப்டில் ஒரு வரி. ஃபோல்டரை வேறு இடத்துக்கு மாற்றிய ஒருவரின் கணினியில் அந்த மாறி வெற்றாகிவிட்டது. ஷெல், வெற்று மாறியை வெற்றுச் சொல்லாகவே எடுத்துக்கொண்டது. மிஞ்சியது சாய்கோடு மட்டும், அதாவது மொத்தக் கணினியும். அவருடைய சொந்தக் கோப்புகள், இணைத்திருந்த வெளி டிஸ்க் உட்பட, அழிந்தன. அந்த வரிக்கு மேல் எழுதியவரே ‘பயமாக இருக்கிறது’ என்ற பொருளில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார். பயம் வந்த இடத்தில் ஒரு சோதனை எழுதியிருக்கலாம்.

மொழிகள் திருந்தின

மொழிகளை உருவாக்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. ஜாவாஸ்கிரிப்டில் 2009 டிசம்பரில் ஸ்ட்ரிக்ட் மோட் வந்தது. கோப்பின் தலையில் அதை எழுதிவிட்டால், அறிவிக்காத பெயருக்கு மதிப்புக் கொடுத்ததும் நிரல் நின்றுவிடும். 2015 பதிப்பில் ‘லெட்’, ‘கான்ஸ்ட்’ வந்தன. பழைய ‘வார்’ மாறியை அறிவிப்புக்கு முன்னால் படித்தால் ‘அன்டிஃபைன்ட்’ கிடைக்கும். ‘லெட்’ மாறியைப் படித்தால் பிழை. மாட்யூல்களுக்குள் ஸ்ட்ரிக்ட் மோட் கட்டாயம். மைக்ரோசாஃப்ட் 2012இல் வெளியிட்ட டைப்ஸ்கிரிப்ட், 2016இல் வந்த அதன் 2.0 பதிப்பில், ‘இது இல்லாமலும் இருக்கலாம்’ என்பதை டைப்பிலேயே எழுதவைக்கும் வசதியைக் கொண்டுவந்தது. இல்லாமல் இருக்கக்கூடிய ஒன்றைச் சோதிக்காமல் தொட்டால், ஓடுவதற்கு முன்பே எடிட்டரில் சிவப்புக் கோடு விழும்.

பிஎச்பி 2020 நவம்பர் 26 அன்று 8.0 பதிப்பை வெளியிட்டது. அதுவரை நோட்டீஸாக இருந்த ‘அன்டிஃபைன்ட் வேரியபிள்’ வார்னிங்காகப் பதவி உயர்வு பெற்றது. 2022இல் மொழியின் பராமரிப்பாளர்கள் இன்னொரு முடிவும் எடுத்தார்கள்: 9.0 பதிப்பில் அது நிரலையே நிறுத்தும் பிழையாகும். பழைய தளங்களை 7.4இலிருந்து 8க்கு மாற்றியபோது திரை முழுக்க வார்னிங் கொட்டுகிறது என்று பலர் புலம்பினார்கள். 8 வந்து எதையும் கெடுக்கவில்லை. முன்பு இயல்பு அமைப்பிலேயே நோட்டீஸ்களை மறைத்து வைத்திருந்தார்கள். 8இல் எல்லாவற்றையும் காட்டுவதே இயல்பாயிற்று. ஆண்டுக்கணக்காக உள்ளே இருந்தது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

ரியாக்ட் எடுத்த ஒரு முடிவும் இங்கே நினைவுகூரத் தக்கது. 2017இல் வந்த 16ஆம் பதிப்பிலிருந்து, யாரும் பிடிக்காத பிழை ஒன்று நேர்ந்தால் ரியாக்ட் மொத்தத் திரையையும் எடுத்துவிடும். வெள்ளைத் திரைதான் மிஞ்சும். ஏன் இவ்வளவு கடுமை என்று பலர் கேட்டார்கள். அவர்கள் சொன்ன காரணம் யோசிக்க வேண்டியது. பணம் அனுப்பும் ஆப் தவறான தொகையைக் காட்டுவதைவிட ஒன்றும் காட்டாமல் இருப்பது மேல். செய்தி அனுப்பும் ஆப் உடைந்த நிலையில் நின்றால், ஒருவருக்கு எழுதியது இன்னொருவருக்குப் போய்விடலாம். பக்கம் எப்படியாவது வந்தாக வேண்டும் என்று 1995இல் தொடங்கிய உலகம், தவறாக வருவதைவிட வராமலே இருக்கட்டும் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது.

நாம் என்ன செய்கிறோம்?

மொழி கத்தக் கற்றுக்கொண்டது. நாம் அதன் வாயைப் பொத்துகிறோம். பிஎச்பியில் வரியின் முன்னால் ‘@’ போட்டால் வார்னிங் வராது. கோப்பின் தலையில் எரர் ரிப்போர்ட்டிங்கைப் பூஜ்யம் ஆக்கினால் எதுவுமே வராது. இவை பழைய முறை. இப்போதைய முறை நாகரிகமானது. பிஎச்பியில் 2015இலும் ஜாவாஸ்கிரிப்டில் 2020இலும் வந்த இரட்டைக் கேள்விக்குறி அருமையான வசதி. இடது பக்கம் இல்லையென்றால் வலது பக்கத்தை எடுத்துக்கொள் என்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் கேள்விக்குறிப் புள்ளியும் அப்படித்தான். இல்லாதவரிடம் கேட்காமல் நின்றுகொள். மூன்றாவது வகை இல்லாமைக்காக, முருகனின் கடைசிப் பெயருக்காக உண்டான வசதிகள் இவை. நாமோ முதல் வகைக்கும் இரண்டாம் வகைக்கும் சேர்த்தே போடுகிறோம். வார்னிங் வந்த வரியின் வாலில் ‘?? 0’ என்று ஒட்டிவிட்டு, சரி பண்ணிட்டேன் சார் என்கிறோம். அந்த விடுதிப் பில்லைக் கணக்கிடும் சர்வர் வரியில் இப்படி யாராவது ஒட்டியிருந்தால் பூஜ்யம் ரூபாய்க்கு அதிகாரபூர்வ முத்திரையே கிடைத்திருக்கும்.

இன்னொரு பழக்கம், பிஎச்பியில் ‘எம்ப்டி’ போட்டுச் சோதிப்பது. அதற்குப் பூஜ்யமும் காலி, ‘0’ என்ற எழுத்தும் காலி. தேர்வில் பூஜ்யம் வாங்கியவரும் தேர்வே எழுதாதவரும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான்.

ஆகவே இயல்பு மதிப்பு ஒன்றை எழுதும்முன் உங்களையே கேளுங்கள்: இது இல்லாமல் இருப்பது நியாயமா? நியாயம் என்றால் என்ன காட்ட வேண்டும் என்று யோசித்து எழுதுங்கள். நியாயம் இல்லை என்றால், அந்த இடத்தில் நிரல் நிற்கட்டும்.

நடைமுறைக்குச் சில சொல்லி முடிக்கிறேன். ‘இஃப்’புக்கு உள்ளே மதிப்புப் பெறும் எந்த மாறிக்கும் ‘இஃப்’புக்கு மேலேயே தொடக்க மதிப்புக் கொடுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் ‘வார்’ வேண்டாம். ஈஎஸ்லிண்ட்டை நிறுவி, அறிவிக்காத பெயர்களைக் காட்டும் விதியை இயக்கிவையுங்கள். ஷெல் ஸ்கிரிப்டில், மதிப்பே கொடுக்காத மாறியைக் கண்டதும் நிற்கச் சொல்லும் அமைப்பை முதல் வரியில் எழுதுங்கள். வெளியிலிருந்து வரும் எதையும், அது படிவமோ ஜேசனோ பிறர் தரும் ஏபிஐயோ, வாசலிலேயே ஒருமுறை முழுதாகச் சோதியுங்கள். டைப்ஸ்கிரிப்ட் இருக்கிறதே என்று இங்கே அசட்டையாக இருக்க வேண்டாம். அதன் டைப்புகள் ஓடும் நேரத்தில் கிடையாது, சர்வர் எதை அனுப்பினாலும் அது தடுக்காது.

சத்தம் என்று நான் சொல்வது நம் காதுக்குக் கேட்கும் சத்தம். நேரலைத் தளத்தில் வார்னிங்கைத் திரையில் காட்டக் கூடாது. அது ஃபோல்டர் பெயர் முதற்கொண்டு ஊருக்குச் சொல்லிவிடும். ஜேசனுக்கு முன்னால் வந்து விழுந்து அதையும் கெடுக்கும். குக்கீ அனுப்ப முடியாமல் செய்யும். அங்கே திரையில் காட்டுவதை அணைத்துவிட்டு லாகில் எழுதச் செய்யுங்கள். எழுதினால் மட்டும் போதாது, காலையில் வந்ததும் அந்த லாகைப் படிக்க வேண்டும்.

மாணவ நண்பர்களே, நாளை லேபுக்குப் போனதும் உங்கள் ப்ராஜெக்டில் ‘@’ குறியைத் தேடுங்கள், காரணம் சொல்ல முடியாத ‘??’ குறியைத் தேடுங்கள், எடுத்துவிடுங்கள். திரை வார்னிங்கால் நிறையும். பயப்படாமல் மேலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துத் திருத்துங்கள். பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். டெமோ நேரத்தில் ஒரு மாணவரின் திரையில் வார்னிங் வந்தால் அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். அதை மறைத்து வைத்திருந்தால் குறையுங்கள்.